மலை திறந்திருந்தது, கிளினிக் மூடியிருந்தது: பெருந்தொற்றுக் காலத்துக் கர்ப்பம், பிரசவம், கர்ப்பத்தடை பற்றித் தோட்டத்துப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2020 மார்ச் 20ஆம் திகதி இலங்கை முழுவதும் ஊரடங்கு போடப்பட்டபோது நான் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவுக்கு, அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் காப்பகத்துக்கு, பொறுப்பாக இருந்தேன். விவசாயத்துக்கும் தேயிலைக்கும் விலக்கு அளிக்கப்பட்டதால் பெண்கள் வழமைபோலக் கொழுந்து எடுக்கப் போனார்கள். ஆனால் அதே பெண்கள் மாதம் ஒருமுறை போகும் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் முதல் வாரங்களில் நடக்கவில்லை. மலை திறந்திருந்தது, கிளினிக் மூடியிருந்தது. இந்த முரணைத்தான் அந்த நாள்களில் என்னிடம் வந்த கேள்விகளில் பாதி சுற்றிச் சுற்றித் தொட்டன.

2021ஆம் ஆண்டின் முடக்கத்திலும், 2022இல் எரிபொருள் இல்லாத மாதங்களிலும் அதே கேள்விகள் திரும்பி வந்தன. நான் வைத்தியர் அல்ல. மருத்துவமாதரிடமும் (மிட்வைஃப்) சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும், பெண்களோடு வைத்தியசாலைக்குப் போய் வந்ததில் கண்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

"கொரோனான்னு கிளினிக் வைக்கலை. அப்ப முழுகாம இருக்கிறவங்க என்னா செய்யிறது, டீச்சர்?"

கிளினிக் நிற்பது வேறு, சேவை நிற்பது வேறு. தோட்டத்துக் கிளினிக் நின்ற வாரங்களிலும் உங்கள் பகுதிக்குரிய குடும்ப நல மருத்துவமாது பணியில்தான் இருந்தார். தொலைபேசியில் விசாரிப்பது, ஆபத்துக் கூடிய தாய்மாரையும் பிள்ளை பெற்றவர்களையும் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பது என்று அவர்களுடைய வேலை முறை மாறியதே தவிர நிற்கவில்லை. ஆகவே முதல் காரியம், மருத்துவமாதுவின் தொலைபேசி இலக்கத்தை இப்போதே வாங்கி வைத்துக்கொள்வது. கணவரின் போனில் மட்டும் இருந்தால் அவர் வேலைக்குப் போன நேரத்தில் பயன்படாது. எனவே ஒரு தாளில் எழுதிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

மாதவிடாய் தள்ளிப்போனது தெரிந்தவுடன், எட்டு வாரத்துக்குள் பதிந்துகொள்ள வேண்டும். "கொரோனா முடியட்டும், பிறகு பதியலாம்" என்று காத்திருந்தவர்கள் ஐந்தாம் மாதத்தில் வந்தார்கள். அதற்குள் இரத்தப் பரிசோதனையும் போலிக் அமில மாத்திரையும் தவறிவிட்டிருந்தன. முதல் மாதங்களில் தவறும் போலிக் அமிலத்தைப் பிறகு எவ்வளவு விழுங்கினாலும் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது, ஏனென்றால் சிசுவின் முள்ளந்தண்டு உருவாகி மூடுவது அந்த ஆரம்ப வாரங்களில்தான்.

"கார்ட்ட மிட்வைஃப் மிஸ்ஸே வச்சிருக்கட்டும்னு விட்டுட்டேன். சரிதானே?"

சரியில்லை. கர்ப்பிணித் தாய்மாருக்கான பதிவேட்டில் தாயிடம் இருக்க வேண்டிய பகுதி எப்போதும் தாயிடமே இருக்க வேண்டும். உங்கள் இரத்த வகை, இரத்த அழுத்தம், பிரசவத் திகதி, முன்னைய பிரசவத்தில் நடந்தவை எல்லாம் அதில் இருக்கின்றன. உங்களை ஒருபோதும் பார்த்திராத வைத்தியர் ஒருவர் நள்ளிரவில் உங்களைப் பொறுப்பேற்கும்போது உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் கார்ட்தான்.

எங்கள் தோட்டத்தில் ஒரு தங்கச்சி, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் திரிபோஷாச் சத்துமாவின் காலிப் பையைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் கார்ட்டை மடித்து வைத்து, ரப்பர் வளையம் போட்டுக் கூரைக்கட்டையில் செருகியிருந்தாள். மழைக்கு லயம் (தோட்டத்து வரிசை வீடு) ஒழுகியபோது உடுப்பெல்லாம் நனைந்தது, கார்ட் நனையவில்லை. யாராவது ஒருவருடைய கைத்தொலைபேசியில் கார்ட்டின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைப்பதும் நல்லது.

"எப்ப ஓடணும், எப்ப பொறுத்துப் பார்க்கலாம்?"

இரத்தம் படுவது, தண்ணீர்க்குடம் உடைவது, வலிப்பு, மூச்சுத் திணறல், கடும் காய்ச்சல், தாங்க முடியாத வயிற்று வலி ஆகியவற்றில் எது வந்தாலும் பொறுக்க வேண்டியதில்லை. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரிந்திருந்தும் தோட்டத்தில் தவறவிடப்படுபவை இரண்டு இருக்கின்றன.

ஒன்று, கடைசி மூன்று மாதங்களில் வரும் கடும் தலையிடி. கண் மங்குவது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலிப்பது, முகமும் கையும் வீங்குவது ஆகியவை அதோடு சேர்ந்து வந்தால் அது உயர் இரத்த அழுத்தத்தின் அறிகுறி. நம் பெண்கள் அதை "வெயில்ல நின்ன தலையிடி", "மலை ஏறின களைப்பு" என்று சொல்லி, தேயிலைச் சாயம் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். மற்றொன்று, சிசுவின் அசைவு குறைவது. "பிள்ளை தூங்குது" என்று மாமியார் சொல்வார். ஏழாம் மாதத்துக்குப் பிறகு அசைவு வழமையைவிடக் குறைந்தால், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மறுநாள் கிளினிக் இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது.

"ராத்திரி வலி வந்தா வண்டிக்கு எங்க போறது? ஊரடங்குல பொலிஸ் புடிக்காதா?"

கர்ப்பிணி ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது அவசரத் தேவை. ஊரடங்கிலும் அதற்குத் தடை இருக்கவில்லை. வீதித் தடையில் கர்ப்பிணிக் கார்ட்டைக் காட்டினால் போதும் என்பதே நான் மீண்டும் மீண்டும் கண்டது. வண்டி இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம், தமிழிலும் பேசலாம். தோட்டத்தின் பெயரோடு டிவிஷனின் பெயரையும், பக்கத்திலுள்ள கோவிலையோ ஸ்டோரையோ சேர்த்துச் சொல்லுங்கள். மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் ஒரே பெயரில் இருக்கும் தோட்டங்களில் வண்டி தவறான மலைக்கு ஏறிவிடும்.

உண்மையான சிக்கல் பொலிஸ் அல்ல, பாதை. அம்புலன்ஸ் தார் வீதிவரைதான் வரும். லயத்திலிருந்து வீதிவரை எப்படிப் போவது என்பது நம் கையில் இருக்கிறது. 2020 ஏப்ரலில், எங்கள் கீழ் டிவிஷனில் ஒரு பெண்ணுக்கு இரவு பதினொரு மணிக்கு வலி எடுத்தது. மேலே வீதிக்கு வர நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். பிளாஸ்டிக் கதிரையில் அவளை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கம்பு கட்டி, நான்கு பேர் சுமந்தார்கள்; ஒருவர் போன் வெளிச்சம் காட்டி முன்னே போனார். மேலே வந்தபோது கொழுந்து லொறி தயாராக நின்றது. அந்தச் சாரதியின் இலக்கத்தைப் பிள்ளைக் காம்பராச் சுவரில் சோக்கால் எழுதி வைத்திருந்ததுதான் அன்றைக்கு உதவியது. எட்டாம் மாதம் பிறந்தவுடன் யார் சுமப்பது, எந்த வண்டி, எந்த இடத்தில் ஏறுவது, வீட்டில் இருக்கும் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பவற்றை வீட்டார் உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும்.

2022 மே மாதம் ஹல்துமுல்லைப் பகுதியில், பெற்றோல் தேடி அலைந்ததால் வைத்தியசாலை சேரத் தாமதமான இரண்டு நாள் சிசு ஒன்று இறந்துபோனதை நாடே அறிந்தது. அப்போது ஊரடங்கு இருக்கவில்லை. பாதையும் வண்டியும் நோய்க்காலத்துக் கவலை மட்டும் அல்ல என்பதற்காகவே இதைச் சேர்த்தேன்.

"பி.சி.ஆர். ரிப்போட் இல்லாட்டி வார்ட்டுக்கு எடுக்க மாட்டாங்களாமே?"

பிரசவ வலி அவசர நிலை. பரிசோதனை முடிவு வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. முடிவு தெரியாதவரைத் தனி இடத்தில் வைத்துப் பிரசவம் பார்க்கலாம், தொற்று உறுதியானால் அதற்கென ஒதுக்கிய விடுதிக்கு மாற்றலாம். ஆனால் வெளியே உட்கார வைக்கக் கூடாது. இருந்தும், ஒரு வைத்தியசாலையின் வாசலில் நாங்கள் ஒரு பெண்ணோடு இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக மரவாங்கில் காத்திருந்தோம். "தோட்டத்திலிருந்தா?" என்ற கேள்விக்குப் பிறகுதான் அந்தக் காத்திருப்பு தொடங்கியது. நான் கற்றுக்கொண்டது: "வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை" என்பதைக் குறித்துக்கொண்டு போய், வாசலில் இருப்பவரிடம் அல்லாமல் பிரசவ விடுதித் தாதியிடமோ கடமையில் உள்ள வைத்தியரிடமோ அதை நேரே சொல்ல வேண்டும். தனிமைப்படுத்தலில் இருக்கும் வீடு என்றால், புறப்படும்போதே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ மருத்துவமாதுக்கோ சொல்லிவிடுங்கள். எந்த வைத்தியசாலை என்று அவர்கள் முன்கூட்டியே பேசிவைத்தால் வாசல் காத்திருப்பு பெரும்பாலும் மிச்சமாகும்.

"எனக்குக் கொரோனா வந்துட்டா பிள்ளைக்குப் பால் குடுக்கலாமா?"

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முகக்கவசம் அணிந்து கொடுங்கள். எழுந்து உட்கார முடியாத அளவு நோய் கடுமையாக இருந்தால் பாலைப் பீய்ச்சிச் சுத்தமான கோப்பையில் வேறொருவர் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்திப் பால்மாவுக்குப் போவது, தண்ணீர் வசதி குறைந்த லயத்தில் தொற்றைவிடப் பெரிய ஆபத்தாக முடியும்.

"கொரோனா ஊசின்னு சொல்லிக் கர்ப்பத்தடை ஊசி போடுறாங்களாம். ஊசி போட்டா இனிப் பிள்ளை தங்காதாமே?"

இல்லை. கொரோனாத் தடுப்பூசிக்கும் கருவுறுதலுக்கும் தொடர்பில்லை. ஊசி போட்ட பிறகு சிலருக்கு ஒரு மாதம் மாதவிடாய் சில நாள் தள்ளியோ கூடுதலாகவோ வந்தது உண்மை. அது தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இலங்கையில் 2021 மே மாதம் கொரோனாவால் கர்ப்பிணி ஒருவரின் முதல் மரணம் பதிவானது. அடுத்த மாதமே கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இந்நோய் நுரையீரலைக் கடுமையாகத் தாக்குகிறது என்பது அப்போது தெளிவாகியிருந்தது.

ஆனாலும் இந்தச் சந்தேகத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு பணம் கொடுத்த காலத்தை நம் அம்மாமார் மறக்கவில்லை. "ரெண்டு போதும்" என்று தோட்டத்தில் சொல்லப்பட்ட விதத்தில் ஆலோசனையும் கட்டளையும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருந்ததாக அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தன் மொழியில் விளக்கம் கிடைக்காத இடத்தில் உடலைக் கொடுத்துவிட்டு வந்த அனுபவம் உள்ள சமூகம், அடுத்த ஊசியைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வழி, கேட்பதுதான். எந்த ஊசியாக இருந்தாலும் "இதன் பெயர் என்ன, எதற்கு" என்று கேளுங்கள், போட்டவுடன் கார்ட்டில் எழுதச் சொல்லுங்கள். கர்ப்பத்தடை ஊசியை உங்கள் சம்மதம் இல்லாமல் போடும் அதிகாரம் எவருக்கும் இல்லை.

"மூனு மாச ஊசி போடுற நாள் தவறிப்போச்சு. இனி என்னா செய்யலாம்?"

டிப்போ எனப்படும் அந்தக் கர்ப்பத்தடை ஊசியைப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ஓரிரு வாரம் தாமதித்திருந்தால் மருத்துவமாதுவிடம் பேசி உடனே போட்டுக்கொள்ளலாம். அதற்கும் மேலாகிவிட்டால் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே போடுவார்கள், அதுவரை ஆணுறை பாவிக்க வேண்டும். பாதுகாப்பில்லாமல் சேர்ந்துவிட்டால், மருந்தகத்தில் கிடைக்கும் அவசரக் கர்ப்பத்தடை மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு முந்தி முடியுமோ அவ்வளவு முந்தி எடுக்க வேண்டும். ஏற்கெனவே தங்கிய கருவை அந்த மாத்திரை கலைக்காது.

பாதை அடைபடும் காலத்துக்கு, அடிக்கடி போகத் தேவையில்லாத முறைகள் பொருத்தமாக இருக்கும். கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப்பு பத்து ஆண்டுவரை வேலை செய்யும்; கையில் தோலுக்கடியில் வைக்கும் இரட்டைக் குச்சி ஐந்து ஆண்டுவரை. இரண்டையும் வேண்டாம் என்னும்போது எடுத்துவிடலாம். மாத்திரை பாவிப்பவர்கள் இரண்டு மூன்று அட்டைகளை ஒன்றாகக் கேட்டு வாங்கி வையுங்கள். இதில் எது நல்லது என்று என்னைக் கேட்கிறார்கள். உங்களுக்கு இரத்த அழுத்தம் உண்டா, பால் கொடுக்கிறீர்களா, அடுத்த பிள்ளை எப்போது வேண்டும் என்பவற்றைக் கேட்காமல் அதற்குப் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம்.

"வூட்டுக்காரரு சம்மதிக்காட்டி லூப்பு போட முடியுமா?"

முடியும். தற்காலிக முறைகளுக்குக் கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்பதில்லை. அவருக்குத் தெரிய வேண்டாம் என்று மருத்துவமாதுவிடம் சொன்னால் அந்த இரகசியத்தைக் காப்பது மருத்துவமாதுவின் கடமை. ஆனால் லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும் என்பதால், வீட்டுக்கு வந்து பேசுவதைவிடக் கிளினிக்கில் தனியே பேசுவது பாதுகாப்பு.

"பிரசவத்துக்குப் போன எடத்துல சிங்களத்துல ஒரு பேப்பர் நீட்டினாங்க. வலியில கையெழுத்துப் போட்டுட்டேன். அது என்னா பேப்பர்னு இப்பக் கேட்கலாமா?"

கேட்கலாம், கேட்க வேண்டும். பெரும்பாலும் அது சிசேரியனுக்கான சம்மதப் பத்திரமாக இருக்கும். சில வேளைகளில் அதோடு எல்.ஆர்.டி. எனப்படும் நிரந்தரக் கர்ப்பத்தடைச் சத்திரசிகிச்சைக்கான சம்மதமும் இருந்திருக்கலாம். வைத்தியசாலையிலிருந்து அனுப்பும்போது தரும் நோய் நிர்ணய அட்டையில் என்ன செய்யப்பட்டது என்று எழுதியிருக்கும். அதை மருத்துவமாதுவிடம் காட்டி, "எனக்கு எல்.ஆர்.டி. செய்திருக்கிறதா" என்று நேரடியாகக் கேளுங்கள்.

நிரந்தர முறையைப் பற்றிய முடிவைப் பிரசவ மேசையில் எடுக்கக் கூடாது. கர்ப்ப காலத்திலேயே, நிதானமான ஒரு நாளில், உங்களுக்குப் புரியும் மொழியில் பேசி எடுக்க வேண்டிய முடிவு அது. கையெழுத்துப் போட்ட பிறகும், சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் போகும் முன் மனம் மாறினால் "வேண்டாம்" என்று சொல்லலாம். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி என்பதால், படித்து விளக்குங்கள் என்று கேட்பதற்கு நீங்கள் தயங்கத் தேவையில்லை. பெருந்தொற்றில் உடனிருப்பவர்களை உள்ளே விடாதபோது இந்த விளக்கம்தான் முதலில் விடுபட்டது. ஆகவே எட்டாம் மாதத்திலேயே கார்ட்டில் உங்கள் முடிவை மருத்துவமாதுவைக் கொண்டு எழுதி வாங்குங்கள். வேண்டும் என்றாலும் எழுதி வையுங்கள்: முழு விருப்பத்தோடு எல்.ஆர்.டி. கேட்டு, தொற்றைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டதால் மறுபடியும் கருவுற்ற பெண்களையும் நான் அறிவேன்.

"மூனாவது பிள்ளைக்குப் பிரசவக் காசு பாதிதான்னு ஆபிஸ்ல சொன்னாங்க."

பழைய சட்டம் அப்படித்தான் இருந்தது. 2018இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 84 நாளுக்கான மகப்பேற்று விடுமுறையும் காசும் உண்டு. கர்ப்பத்தைக் காரணமாக வைத்து வேலையிலிருந்து நிறுத்த முடியாது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளைகளும் உண்டு. மறுத்தால் பிரதேச தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள், கொடுத்த கடிதத்தின் பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

"கொழும்புல வேலை செஞ்ச மக திரும்பி வந்திருக்கா. கல்யாணம் ஆகலை, முழுகாம இருக்கா. கிளினிக்ல பதிவாங்களா?"

பதிவார்கள். விவாகச் சான்றிதழைக் காட்டினால்தான் பதிவு என்று எந்த விதியும் இல்லை. 2020 அக்டோபரில் மினுவாங்கொடையில் ஆடைத் தொழிற்சாலை வழியே தொற்றுப் பரவியபோது, வேலையிழந்தும் விடுதிகள் மூடப்பட்டும் பல பெண்கள் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். "கொரோனாவைக் கொண்டு வந்தவள்" என்ற பேச்சோடு "வயித்தையும் கொண்டு வந்தவள்" என்ற பேச்சும் சேர்ந்து, மூன்று நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே மறைக்கப்பட்ட பெண் பிள்ளைகளை நான் பார்த்தேன். மகளைத் தனியே அனுப்பாதீர்கள். நீங்கள் கூடப் போய் நின்றால் கிளினிக்கில் கேட்கப்படும் கேள்விகளின் தொனியே மாறும். அவளுக்குப் பதினாறு வயது நிரம்பவில்லை என்றால், அவள் சம்மதித்தாலும் அது பாலியல் வல்லுறவு என்றே சட்டம் கொள்கிறது. வைத்தியசாலை பொலிஸுக்கு அறிவிக்கும். அதற்குப் பயந்து வைத்தியசாலையைத் தவிர்ப்பது, சின்ன உடம்பை மிகப் பெரிய ஆபத்துக்குள் தள்ளுவதாகும்.

"கலைச்சிடலாம்னு டவுன்ல மாத்திரை வாங்கிக் குடிச்சா. ரத்தம் நிக்கலை. ஆஸ்பத்திரிக்குப் போனா பொலிஸ்ல புடிச்சுக் குடுப்பாங்களா?"

முதலில் கொண்டு போங்கள், மற்றக் கேள்விகள் பிறகு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காக்க அல்லாமல் கருவைக் கலைப்பது இலங்கையில் குற்றம். ஆனால் கருச்சிதைவின் பின் வரும் இரத்தப்போக்குக்கும் கிருமித்தொற்றுக்கும் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை உண்டு, உயிரைக் காப்பதே வைத்தியரின் முதற்கடமை. என்ன குடித்தாள், எத்தனை, எப்போது என்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். மறைப்பதால் சரியான சிகிச்சை தொடங்கத் தாமதமாகும்.

"கடை மூடியிருந்தா பேடுக்கு என்னா செய்யிறது?"

சுத்தமான பருத்தித் துணி போதும். சிக்கல், மூடுபனியில் அது காயாததும், யாரும் பார்க்காமல் மற்ற உடுப்புகளுக்கு அடியில் ஒளித்துக் காயப்போடுவதும்தான். ஈரத்துணி புண்ணையும் தொற்றையும் கொண்டுவரும். வெயில் இல்லாத நாளில் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து முழுக்கக் காயவைத்துப் பாவியுங்கள்.

"வேணாம்னு சொன்னா அடிக்கிறாரு. ஊரடங்குல எங்க போறது?"

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். 1938 பெண்கள் உதவி இலக்கத்தை அழைக்கலாம். பெரிய அரச வைத்தியசாலைகளில் "மித்துரு பியச" எனப்படும் நட்பு நிலையம் இருக்கிறது. கிளினிக்குக்கோ காயத்துக்கு மருந்து கட்டவோ போவதாகச் சொல்லி அங்கே போய்ப் பேசலாம். மேலே லூப்பு பற்றிய பதிலில் சொன்ன இரகசியம் காக்கும் கடமை அங்கும் பொருந்தும். திருமணமான பெண்ணை, நீதிமன்றம் மூலம் பிரிந்திருந்தால் தவிர, கணவர் வற்புறுத்திச் சேர்வதை இந்நாட்டுச் சட்டம் இன்னும் வல்லுறவாக ஏற்கவில்லை. இது எனக்கு ஆறாத கோபம். ஆனால் அடிப்பதும் மிரட்டுவதும் சட்டத்துக்குள் வருகின்றன, அந்த வழியால் பாதுகாப்புக் கேட்க முடியும்.

"மண்சரிவுல லயத்த விட்டுட்டு ஸ்கூல்ல இருக்கோம். எங்க கிளினிக் எது?"

நீங்கள் இப்போது தங்கியிருக்கும் இடத்துக்குப் பொறுப்பான மருத்துவமாதுதான் உங்கள் மருத்துவமாது. பதிவு தங்கியிருக்கும் இடத்தைப் பொறுத்தது, சொந்த முகவரியைப் பொறுத்தது அல்ல. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபின், தப்பியவர்கள் புதிய வீடு கிடைக்கும்வரை நீண்ட காலம் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தார்கள். தற்காலிகம் என்று சொல்லப்படும் இடத்தில் ஒரு பெண் கருவுற்றுப் பெற்று, அடுத்த பிள்ளையும் சுமக்கும் அளவு காலம் போய்விடும். ஆகவே முகாமில் பெயர் பதியும்போதே கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கர்ப்பத்தடை பாவிப்பவர்கள் யார் என்று தனிப்பட்டியல் எடுக்கும்படி கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பூட்டும் வெளிச்சமும் உள்ள கழிவறையையும் அதே மூச்சில் கேளுங்கள். நெருக்கடிகளில் முதல் நாள்களிலேயே செய்ய வேண்டிய இனப்பெருக்க சுகாதாரச் சேவைகளைச் சர்வதேச அமைப்புகள் குறைந்தபட்சத் தொகுப்பாக வரையறுத்திருக்கின்றன. பாதுகாப்பான பிரசவம், வன்முறைக்கு ஆளானவர்களுக்கான சிகிச்சை, கர்ப்பத்தடை ஆகியவை அதில் அடங்கும். அரிசியும் பருப்பும் போல இவையும் முதல் நாளின் தேவை.

"எங்க சித்தி குடும்பம் தமிழ்நாட்டுல அகதி முகாம்ல இருக்கு. கொரோனாவுல அங்க பிறந்த பிள்ளைக்கு எந்த ஊர்ப் பதிவு?"

1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கிருந்து படகேறிய குடும்பங்கள் பல அந்த முகாம்களில் இருக்கின்றன. இந்தியாவும் இலங்கையும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை என்றாலும், தமிழ்நாட்டு அரசு முகாம்வாசிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் சிகிச்சை அளித்து வருகிறது. 2021 ஆகஸ்டில் அவற்றின் பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்றும் மாற்றியது. முதல் கேள்வியிலும் கார்ட் பற்றியதிலும் சொன்னவை, மருத்துவமாதுக்குப் பதிலாக அங்கே கிராம சுகாதார செவிலியர் என்ற மாற்றத்தோடு, அவர்களுக்கும் பொருந்தும்.

குடியுரிமை வேறு விடயம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இங்கே எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. இந்தியாவுக்குத் தஞ்சம் போனவர்களையும் சேர்க்கும் திருத்தம் 2009இல் வந்தது. பெற்றோரில் ஒருவர் இலங்கைக் குடியுரிமை உள்ளவராக இருந்தால், அங்கே பிறந்த பிள்ளையைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பதிந்து வம்சாவளிக் குடியுரிமை பெறலாம். அதை ஒரு வயதுக்குள் செய்தால் சிரமம் குறைவு. அதற்குப் பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழும் வேண்டும்.

ஊரடங்கில் அலுவலகங்கள் மூடியிருந்ததால் பிந்திப்போன பதிவுகள் இங்கேயும் நிறைய இருக்கின்றன. இலங்கையில் பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். தவறியிருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். சித்தியின் பிறப்புச் சான்றிதழ் தோட்டத்துக்கு அருகிலுள்ள பிரதேச செயலகத்தில் இருக்கும். பிறந்த ஆண்டு, தோட்டத்தின் பெயர், அவருடைய தகப்பனின் பெயர் ஆகியவற்றைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். பெயரைப் பதிவேட்டில் எழுதியவர் எந்த எழுத்துக்கூட்டலில் எழுதினார் என்று தெரியாது என்பதால், இரண்டு மூன்று விதமாக எழுதிக்கொண்டு போங்கள்.